சல்லிக்குக் கொடுத்த வாக்கு

தமிழில் சல்லி என்றால் மிகச் சிறிய காசு. எதற்கும் உதவாத ஒன்றைச் சல்லிக்காசு பெறாது என்போம். சிங்களத்தில் அதே சொல் பணத்துக்கான பொதுப்பெயராக வழங்குகிறது. திருகோணமலையிலோ அது ஓர் ஊரின் பெயர். நகரிலிருந்து வடக்கே, உப்புவெளியைக் கடந்து, சாம்பல்தீவுப் பக்கமாகக் கடலோரத்தில் அமைந்த கடற்றொழிற் கிராமம் அது. முத்துமாரியம்மன் கோயிலால் மாவட்டத்துக்கு வெளியேயும் அறியப்பட்டது. ஊர்ப்பெயரின் வேரை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால், சிறு காசுகளைச் சேர்த்துத் தந்தால் முதுமைக்கு வழி செய்வோம் என்று கமக்காரருக்கும் கடற்றொழிலாளருக்கும் அரசு கொடுத்த வாக்கின் வரலாற்றை எழுத முனைந்தபோது, இந்தப் பெயர்தான் முதலில் நினைவுக்கு வந்தது.

நான் கூற விழைவது இதுதான். 'குறித்த வயது முதல் சாகும்வரை மாதந்தோறும் இவ்வளவு தருவோம்' என்ற உத்தரவாதம் விலையுள்ள ஒரு பொருள். அந்த விலை வட்டி வீதத்தோடும் பணவீக்கத்தோடும் மனிதரின் ஆயுளோடும் சேர்ந்து நாள்தோறும் மாறுவது. உத்தரவாதம் கொடுப்பவர் அவ்விலையைக் கணக்கிட்டு முன்கூட்டியே அறவிடலாம். அல்லது தாமே ஏற்றுக்கொள்வதாகப் பகிரங்கமாக எழுதி வைக்கலாம். இரண்டையும் செய்யாது விட்டால், அந்த விலையைக் கடைசியில் செலுத்துபவர் வாக்கை நம்பிய முதியவரே. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் டில்லியிலும் கொழும்பிலும் இது வெவ்வேறு வடிவங்களில் நிகழ்ந்திருக்கிறது.

இரண்டு சட்டங்கள்

இலங்கையில் முதுமைக்கான காப்பு நெடுங்காலம் சம்பளப் பட்டியலில் பெயருள்ளோரின் உரிமையாகவே இருந்தது. 1898ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அரச உத்தியோகத்தரின் விதவைகளுக்கும் அநாதைப் பிள்ளைகளுக்குமான ஓய்வூதிய நிதியத்தை ஒழுங்குபடுத்தியது. சுதந்திரத்துக்குப் பின்னர், 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் தனியார்துறைத் தொழிலாளருக்கு ஊழியர் சேமலாப நிதியத்தைத் தந்தது. வயலையும் கடலையும் நம்பி வாழ்ந்தோர் இவ்விரண்டுக்கும் வெளியே நின்றனர்.

அவர்களை உள்ளே கொண்டுவர 1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தால் கமக்காரர் ஓய்வூதியத் திட்டமும், 1990ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தால் கடற்றொழிலாளர் ஓய்வூதியத் திட்டமும் உருவாயின. 1973இல் பயிர்க் காப்புறுதிக்காகத் தோற்றுவிக்கப்பட்டு, இன்று கமத்தொழில் கமநலக் காப்புறுதிச் சபை என்று வழங்கும் சபையிடம் நிர்வாகம் ஒப்படைக்கப்பட்டது. சேரும் வயதுக்கேற்பத் தவணைப்பணமும், பிற்காலத்தில் கிடைக்கும் ஓய்வூதியமும் அட்டவணையில் குறிக்கப்பட்டன. இளமையில் சேர்ந்தவருக்குக் கூடுதல், பிந்திச் சேர்ந்தவருக்குக் குறைவு. உறுப்பினர் 60 வயதை அடைந்ததும் ஆயுள் உள்ளவரை மாதாந்தக் கொடுப்பனவு. அங்கவீனமுற்றாலோ இடையில் இறந்தாலோ அதற்கும் ஓர் ஏற்பாடு.

உலகின் பல வளர்முக நாடுகள் எண்ணிப் பார்க்காத முயற்சி இது. அதன் நல்லெண்ணத்தை நான் சிறிதும் ஐயுறவில்லை. ஆனால் அட்டவணையில் இருந்த தொகை ரூபாவில் நிலையாகக் குறிக்கப்பட்ட தொகை. முப்பது வயதுக் கடற்றொழிலாளி ஒருவருக்கு 1990இல் கொடுத்த வாக்கு 2020இல் தொடங்கி, அவர் எண்பது வயது வாழ்ந்தால் 2040இல் முடியும். அரை நூற்றாண்டுக்கான ஒப்பந்தம். அந்த அரை நூற்றாண்டில் வட்டி எங்கே நிற்கும், ரூபா எங்கே நிற்கும் என்பதை எவராலும் சொல்ல இயலாது.

கிழக்குக் கரைக்கு இன்னுமொரு துன்பம் காத்திருந்தது. கடற்றொழிலாளருக்கான சட்டம் நிறைவேறிய அதே 1990ஆம் ஆண்டு ஜூனில் இரண்டாம் ஈழப்போர் மூண்டது. திருகோணமலைத் தமிழ்க் கிராமங்கள் பலவற்றின் மக்கள் முகாம்களுக்கும் காடுகளுக்கும் கடல் கடந்து தமிழகத்துக்கும் சிதறினர். மீண்டு வந்தோருக்குக் கடலில் நேரக் கட்டுப்பாடு, தூரக் கட்டுப்பாடு, இயந்திர வலுவுக்குக் கட்டுப்பாடு. தவணை தவறாது பணம் கட்டினால் மட்டுமே முதுமையில் பணம் என்ற ஏற்பாடு, நாளைக்குக் கடலுக்குப் போக அனுமதி உண்டா என்றே தெரியாத மனிதரிடம் வந்து சேர்ந்தது.

கரையில் அறிந்த கணக்கு

இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். உத்தரவாதத்துக்கு விலையுண்டு என்பதைக் கடற்கரை மக்களுக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. கரைவலைத் தொழிலில் உழைப்போருக்கு மாதச் சம்பளம் கிடையாது. பட்ட மீனில் பங்குதான். மீன் நிறையப் பட்டால் பங்கு பெருகும், வெறும் வலை வந்தால் பங்கும் வெறுமை. நிதித்துறையின் மொழியில் இது மாறும் வருமானம். ஆனால் வாடைக்காலத்தில் கடல் கொந்தளித்து வலை ஏறாத மாதங்களிலும் அடுப்பு எரிய வேண்டுமே! அப்போது சம்மாட்டியோ மீன் வியாபாரியோ முற்பணம் கொடுப்பார். வருமானம் எவ்வளவு தாழ்ந்தாலும் இதற்குக் கீழே போகாது என்ற அடித்தளம் அது.

அந்த அடித்தளம் சும்மா கிடைப்பதில்லை. முற்பணம் வாங்கியவர் பருவகாலத்தில் வேறு வலைக்குப் போகக்கூடாது. மீனையும் அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும். நல்ல காலத்து மேல்மிகையின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துக் கெட்ட காலத்துக்கான அடித்தளத்தை வாங்கும் இந்தப் பேரம்தான், மேற்கு நாடுகளின் காப்புறுதிக் கம்பனிகள் 'உத்தரவாதத்துடன் கூடிய மாறும் ஆண்டுத்தொகை' என்று விற்கும் பண்டத்தின் உட்பொருள். சந்தை ஏறினால் உங்கள் பணமும் ஏறும், வீழ்ந்தாலும் இவ்வளவுக்குக் குறையாது, அதற்காக ஆண்டுதோறும் ஒரு கட்டணம் என்பதே அதன் சுருக்கம். சம்மாட்டியின் பேரத்தில் சுரண்டல் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் விலை மறைவாக இல்லை. முற்பணம் வாங்குபவருக்குத் தாம் எதை விற்கிறோம் என்பது தெரியும்.

கரையிடமிருந்து கற்க வேண்டிய இன்னொரு பாடமும் உண்டு. ஒருவர் நோயுற்றால் மற்றவர்கள் உழைத்து அவர் வீட்டைத் தாங்கலாம், ஏனெனில் எல்லோரும் ஒரே நாளில் நோயுறுவதில்லை. காப்புறுதியின் அடிப்படையே இதுதான். ஆனால் 1964 டிசம்பர் 22, 23இல் திருகோணமலைக் கரையைத் தாக்கி, பின்னர் தனுஷ்கோடியை அழித்த சூறாவளியும், 2004 டிசம்பர் 26இன் கடற்கோளும் எல்லா வள்ளங்களையும் ஒரே நாளில் உடைத்தன. அங்கே அயலவரால் அயலவரைத் தாங்க முடியாது. மனித ஆயுள் நோயைப் போன்றது, ஆயிரம் பேரைச் சேர்த்தால் சராசரி நிற்கும். வட்டி வீதமும் பணவீக்கமும் சூறாவளியைப் போன்றவை, ஆயிரம் பேரையும் ஒரே நாளில் தாக்கும். எத்தனை இலட்சம் உறுப்பினர் சேர்ந்தாலும் அந்த ஆபத்து குறையாது, பெருகவே செய்யும். ஓய்வூதிய நிதியங்கள் பலவற்றின் வீழ்ச்சிக்கு இந்த வேறுபாட்டை உணராமையே வேர்.

ஆயிரம் ரூபாவின் விலை

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். எளிமைக்காக மாதம் ஆயிரம் ரூபா, ஆண்டுக்கு 12,000 ரூபா, 60 வயதிலிருந்து 20 ஆண்டுகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று கொள்வோம். ஓய்வூதியம் தொடங்கும் நாளில் நிதியத்தின் கையில் எவ்வளவு பணம் இருக்க வேண்டும்? முதலீட்டுக்கு 16 சதவீத வட்டி கிடைத்தால் ஏறத்தாழ 71,000 ரூபா போதும். வட்டி 12 சதவீதமானால் சுமார் 90,000 வேண்டும். 6 சதவீதமானால் ஒரு இலட்சத்து 37,000க்கு மேல் வேண்டும். அதே மனிதர் மேலும் ஐந்து ஆண்டுகள் வாழ்ந்தால் 6 சதவீத வட்டியில் ஒரு இலட்சத்து 53,000. வாக்கில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அதன் விலை மட்டும் இரு மடங்காகிவிட்டது.

இலங்கையில் வட்டி அவ்வளவு தூரம் மாறியதா என்று கேட்கலாம். மாறியது. 364 நாள் திறைசேரி உண்டியலின் வட்டி 2007 இறுதியில் 20 சதவீதத்தை ஒட்டி நின்றது. 2014 இறுதியில் 6 சதவீத அளவுக்கு இறங்கியது. 2022 இறுதியில் 29 சதவீதத்தைத் தாண்டியது. வேறு நாடுகளில் ஒரு தலைமுறையில் நடப்பது இங்கே பதினைந்து ஆண்டுகளில் இருமுறை நடந்தது.

இனி மறுபக்கம். வட்டி உயர்ந்திருக்கும் காலம் பெரும்பாலும் விலைவாசி உயர்ந்திருக்கும் காலமே. ஆண்டுக்கு 10 சதவீதப் பணவீக்கம் முப்பது ஆண்டுகள் தொடர்ந்தால், இறுதியில் ஆயிரம் ரூபா வாங்கக்கூடியது தொடக்கத்தில் 60 ரூபாவுக்கும் குறைவான பணம் வாங்கியதையே. டொலரில் பார்ப்போருக்கு இன்னும் தெளிவாகும். 1990இல் ஒரு டொலர் 40 ரூபா, எனவே ஆயிரம் ரூபா 25 டொலர். 2022இல் டொலர் 360 ரூபாவைத் தொட்டபோது அதே ஆயிரம் மூன்று டொலருக்கும் கீழே. வட்டி வீழ்ந்தால் வாக்குக் கொடுத்தவர் நொடிக்கிறார், விலைவாசி ஏறினால் வாங்கியவர் நொடிக்கிறார். ரூபாவில் நிலையாகக் குறித்த ஆயுட்கால வாக்குக்கு இந்த இரண்டு வாசல்களைத் தவிர வேறு வாசல் இல்லை.

இலண்டனில் வீழ்ந்த ஆசான்

இந்தக் கணக்கு புதியதன்று. 1693இல் வானியலாளர் எட்மண்ட் ஹாலி பிரெஸ்லாவ் நகரின் பிறப்பு இறப்புப் பதிவுகளைக் கொண்டு ஆயுள் அட்டவணை ஒன்றை வகுத்து, ஆண்டுத்தொகையின் விலை வயதுக்கேற்ப மாற வேண்டும் என்று காட்டினார். அக்காலத்து ஆங்கில அரசோ சிறுவருக்கும் முதியவருக்கும் ஒரே விலையில் ஆயுட்கால ஆண்டுத்தொகையை விற்றுக்கொண்டிருந்தது. பின்னர் ஜேம்ஸ் டொட்சன் என்ற கணித ஆசிரியர், 45 வயதைக் கடந்தமையால் காப்புறுதிச் சங்கம் ஒன்றில் இடம் மறுக்கப்பட்டு, வயதுக்கேற்ற கட்டணத்தில் எவரையும் சேர்க்கும் முறையை வகுத்தார். அவர் 1757இல் இறந்தார். அவரது கணக்கின்மீது 1762இல் எழுந்த நிறுவனம்தான் எக்குவிற்றபிள் லைஃப். ஆயுளுக்கு விலை குறிக்க உலகுக்குக் கற்பித்த ஆசான் என்று அதைச் சொல்லலாம்.

அந்த ஆசான் வீழ்ந்தது விலை குறிக்காத ஓர் உத்தரவாதத்தால். 1957 முதல் 1988 வரை விற்ற ஓய்வூதிய ஒப்பந்தங்கள் பலவற்றில், ஓய்வுபெறும் நாளில் குறித்த ஒரு வீதத்துக்குக் குறையாத ஆண்டுத்தொகை தருவோம் என்ற வாசகத்தை அந்நிறுவனம் சேர்த்திருந்தது. பிரித்தானியாவில் 1979 நவம்பரில் மத்திய வங்கியின் வட்டி 17 சதவீதம். சந்தையிலேயே அதைவிட நல்ல வீதம் கிடைத்தபோது அந்த வாசகத்தை எவரும் பொருட்படுத்தவில்லை, அதற்கெனப் பணம் ஒதுக்கவுமில்லை. 1990களில் வட்டி வீழ்ந்தது, மனிதர் ஆயுள் நீண்டது. உறங்கிக் கிடந்த வாசகம் விழித்துக்கொண்டது. அவ்வாசகம் உள்ளோருக்கு இறுதி மிகையூதியத்தைக் குறைத்துச் சமாளிக்க நிறுவனம் முயன்றது. 2000 ஜூலை 20இல் பிரபுக்கள் சபை அதற்கு இடமில்லை என்று தீர்ப்பளித்தது. பொறுப்பு 150 கோடிப் பவுண்டு அளவில் மதிப்பிடப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 8இல் நிறுவனம் புதியவர்களுக்குத் தன் கதவை மூடியது. 2001இல் உறுப்பினர் சேமிப்பின் மதிப்பில் ஏறத்தாழ 16 சதவீதம் வெட்டப்பட்டது.

அந்நாட்களில் வெளிநாட்டுச் செய்தி மேசையில் இருந்த எனக்கு அந்தச் செய்தியைத் தமிழாக்கும் பணி வாய்த்தது. ஆண்டுத்தொகை என்ற சொல் வாசகருக்குப் பழக்கமில்லை என்பதால் 'ஆயுட்கால ஓய்வூதியம்' என்று எழுதினோம். கமக்காரர் ஓய்வூதியமும் இதே இனத்தைச் சேர்ந்தது என்று அன்று எந்தப் பத்திரிகையும் இணைத்து எழுதியதாக நினைவில்லை.

ரொறன்ரோவும் டில்லியும்

உத்தரவாதத்துக்கு விலை குறிக்கும் கருவி அப்போது இல்லாமலில்லை. பிளாக், ஷோல்ஸ் இருவரின் தெரிவுரிமைச் சூத்திரம் 1973இல் வெளியானது. மூன்று ஆண்டுகள் கழித்து, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் மைக்கல் பிரெனனும் எடுவார்டோ ஷ்வார்ட்ஸும், பங்குகளோடு இணைந்த ஆயுள் காப்புறுதியின் உத்தரவாதம் ஒரு தெரிவுரிமையே என்று காட்டி, அதன் விலையையும் காப்பு முறையையும் வகுத்தனர். முறை இதுதான். சந்தை வீழ்ந்தால் நட்டம் அடைவது உத்தரவாதம் கொடுத்தவர். ஆகவே சந்தை வீழும்போது இலாபம் தரும் எதிர்ப்பக்க ஒப்பந்தங்களை அவர் வைத்திருக்க வேண்டும். சந்தை இறங்க இறங்க அவற்றின் அளவைக் கூட்ட வேண்டும், ஏற ஏறக் குறைக்க வேண்டும். வட்டிக்கும் அவ்வாறே நீண்டகால முறிகளையும் வட்டிப் பரிமாற்று ஒப்பந்தங்களையும் வைத்திருக்க வேண்டும். அலைக்கேற்ப நாள்தோறும் பாய்மரக் கயிற்றைத் தளர்த்தியும் இறுக்கியும் செல்வதைப் போன்றது. கடல் அமைதியாயிருக்கும்போது செலவு சிறிது. புயலில், சந்தை ஒரே நாளில் பல சதவீதம் ஏறி இறங்கும்போது, ஒவ்வொரு திருத்தமும் நட்டம். பங்கு வீழ்ச்சி, வட்டி வீழ்ச்சி, கொந்தளிப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே வருவதுதான் இத்தொழிலின் ஊழிக்காலம்.

2008இல் அது வந்தது. கனடாவின் மனுலைஃப் நிறுவனம் தான் விற்ற உத்தரவாதங்களின் பெரும்பகுதியை இவ்வாறான காப்பு ஏற்பாடின்றியே வைத்திருந்தது. பங்குகள் நெடுங்காலத்தில் ஏறத்தான் செய்யும் என்ற நம்பிக்கை. 2008 இறுதிக் காலாண்டில் 187 கோடிக் கனேடிய டொலர் நட்டம். 2009 ஆகஸ்டில் பங்காதாயம் பாதியாக வெட்டப்பட்டது. புலம்பெயர்ந்த வாசகர்கள் பலரின் சேமிப்பு, கனடாவில் தனிநிதி என்று விற்கப்படும் இத்தகைய ஒப்பந்தங்களில்தான் உள்ளது. அங்கு உத்தரவாதம் முறியவில்லை, அதைப் பங்குதாரர்களின் மூலதனம் தாங்கியது. ஆனால் அதற்குப் பின்னர் உலகெங்கும் அப்பண்டத்தின் கட்டணம் ஏறியது, வாக்கு சுருங்கியது. விலை சரியாகக் குறிக்கப்பட்டதும், முன்பு மலிவாகத் தோன்றிய பொருள் உண்மையில் எவ்வளவு அரிது என்பது தெரிந்தது.

இந்தியாவில் இது வேறு விதமாக நிகழ்ந்தது. 2010 செப்டம்பர் முதல் பங்குகளோடு இணைந்த ஓய்வூதியத் திட்டங்கள் அனைத்துக்கும் ஆண்டுக்கு 4.5 சதவீத உத்தரவாதம் கட்டாயம் என்று காப்புறுதி ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது. மக்களைக் காக்கும் நல்ல விதிதான். ஆனால் பத்து, இருபது ஆண்டுகளுக்கு அந்த அடித்தளத்தைக் காக்கும் நீண்ட ஒப்பந்தங்கள் இந்தியச் சந்தையில் இல்லை. கம்பனிகளில் பெரும்பாலானவை அத்திட்டங்களை விற்பதையே நிறுத்தின. அடுத்த ஆண்டின் இறுதியில் விதி தளர்த்தப்பட்டது.

அதே இந்தியாவில் முன்மாதிரியும் உண்டு. 2003இல் ஆயுள் காப்புறுதிக் கழகம் நடத்திய முதியோர் ஓய்வூதியத் திட்டம் 9 சதவீதம் தருவதாகச் சொன்னது. கழகம் ஈட்டுவதற்கும் 9 சதவீதத்துக்கும் இடையிலான குறையை மத்திய அரசு மானியமாகத் தரும் என்று அப்போதே எழுதப்பட்டது. பின்வந்த திட்டங்களில் அந்த வீதம் 2017இல் 8 ஆகவும், 2020இல் 7.4 ஆகவும் இறங்கியது. 2023 மார்ச்சோடு விற்பனை நின்றது. புதியவருக்கு வீதம் குறைந்தது, பழையவருக்குக் கொடுத்த வாக்கு மாறவில்லை. யார் கொடுக்கிறார், எந்தக் கணக்கிலிருந்து கொடுக்கிறார் என்பதும் மறைவாக இல்லை.

கொழும்பு கொடுத்த விடை

இலங்கையின் கமக்காரர் நிதியத்துக்குத் திரும்புவோம். அதற்குக் காப்பு ஏற்பாடு எதுவும் கிடைக்கக்கூடிய நிலை இருக்கவில்லை. திறைசேரி முறிகளே 1997இல்தான் அறிமுகமாயின, அவையும் தொடக்கத்தில் சில ஆண்டு முதிர்வுள்ளவை. முப்பது ஆண்டு முறி 2013இல் வந்தது. விலைவாசியோடு சேர்ந்து உயரும் முறியை வாங்கி வைக்க வழியில்லை. ஐம்பது ஆண்டு வாக்கை ஓராண்டு, ஈராண்டு முதலீடுகளால் தாங்க வேண்டியிருந்தது. தவணைகளோ ஒழுங்காக வரவில்லை. 2003இல் ரவி ரன்னன்-எலிய முதலிய ஆய்வாளர்கள் இவ்விரு திட்டங்களையும் மதிப்பிட்டு, இந்த நிலையில் இவை நீடிக்க இயலாதவை என்று எச்சரித்தனர்.

எச்சரிக்கை பலித்தது. 2012ஐ ஒட்டி நிதி வற்றி, கமக்காரருக்கான ஓய்வூதியக் கொடுப்பனவு நின்றது. பல்லாண்டு தவணை கட்டிய முதியவர்கள் தபாலகத்துக்குச் சென்று வெறுங்கையுடன் திரும்பினர். 2014 தொடக்கத்தில் திறைசேரியின் பணத்தைக் கொண்டு கொடுப்பனவு மீண்டும் தொடங்கியது. இடையில் கழிந்த காலமும், அக்காலத்தில் கண்மூடியோரும் திரும்பவில்லை. அறுபதைக் கடந்த ஒருவருக்கு ஈராண்டு நிறுத்தம் என்பது நிர்வாகத் தாமதம் அன்று. எஞ்சிய ஆயுளின் பத்தில் ஒரு பங்கு அது.

இந்தப் பின்னணியில்தான் 2011ஆம் ஆண்டின் கட்டுநாயக்கா நிகழ்வுகளைப் பார்க்க வேண்டும். தனியார்துறை ஊழியருக்கான ஓய்வூதிய நிதியச் சட்டமூலம் அவ்வாண்டு முன்வைக்கப்பட்டது. ஊழியரிடமிருந்தும் வேலைகொள்வோரிடமிருந்தும் சம்பளத்தின் 2 சதவீதம் அறவிட்டு, முதுமையில் மாதாந்தப் பணம் தருவதே நோக்கம் என்றது அரசு. தங்கள் கைக்கு வரவேண்டிய பணம் போய், வருமா என்று தெரியாத வாக்கு மட்டும் மிஞ்சும் என்று ஆடைத் தொழிற்சாலைகளின் இளம் பெண்கள் அஞ்சினர். மே 30இல் சுதந்திர வர்த்தக வலயத்தில் பொலிசார் சுட்டனர். ரொஷேன் சானக என்ற இளம் தொழிலாளி காயமுற்று ஜூன் 1இல் இறந்தார். சட்டமூலம் மீளப்பெறப்பட்டது. எதிர்த்தவர்களுக்குத் தெரிவுரிமைச் சூத்திரம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் விலை சொல்லாமல் விற்கப்படும் உத்தரவாதத்தை அவர்கள் சரியாக இனங்கண்டனர் என்றே நான் கருதுகிறேன்.

பின்னர் வந்தது 2022. ஏப்ரல் 12இல் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாமையை அறிவித்தது. செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம், ஆண்டுச் சராசரி 46 சதவீதத்தை ஒட்டியது. ஊழியர் சேமலாப நிதியம் அவ்வாண்டுக்கு வழங்கிய வட்டி 9 சதவீதம். அந்நிதியத்தின் சட்டம் உத்தரவாதமளிப்பது 2.5 சதவீதம் மட்டுமே, ஆகவே சட்டப்படி வாக்கு மீறப்படவில்லை. வாழ்நாள் சேமிப்பின் வாங்குசக்தியில் பெரும்பங்கு ஓராண்டில் கரைந்தது. 2023 ஜூலையில் பாராளுமன்றம் ஏற்ற உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில், நிதியத்தின் கைவசமிருந்த முறிகள், 2026 வரை 12 சதவீதமும் பின்னர் 9 சதவீதமும் தரும் புதிய முறிகளாக மாற்றப்பட்டன. மாற்ற மறுத்தால் வருமான வரி 14இலிருந்து 30 சதவீதமாகும் என்ற நிபந்தனையும் உடனிருந்தது. உறுப்பினருக்குக் குறைந்தது 9 சதவீதம் 2026 வரை என்று அரசு உறுதியளித்தது. அடித்தளம் அமைத்தவரும், அதன்கீழுள்ள மண்ணை அகழ்ந்தவரும் ஒருவரே.

எழுதி வைக்க வேண்டியவை

இதனால் உத்தரவாதமே வேண்டாம் என்ற முடிவுக்கு வருவது தவறு. கம்பனிகள் அப்படிச் சொல்லும், ஏனெனில் ஆபத்து முழுவதையும் உழைப்பவரின் தோளுக்கு மாற்றிவிடலாம். சல்லிக் கரையில் வலை இழுத்தவர் எழுபது வயதில் பங்குச் சந்தையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சந்தைச் சூறாவளியைத் தாங்கும் தோள் நாட்டில் ஒன்றே உண்டு. வரி விதிக்கும் உரிமையும் தலைமுறைகளைக் கடந்த ஆயுளும் உள்ள அரசுதான் அது. அரசு உத்தரவாதம் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது மூன்றை எழுதி வைக்க வேண்டும்.

முதலாவது, இன்றைய வட்டியில் அந்த வாக்கின் விலை எவ்வளவு, அதில் எத்தனை பங்கைத் தவணையும் எத்தனை பங்கை வரவுசெலவுத் திட்டமும் தாங்கும் என்பதை ஆண்டுதோறும் மீளக் கணக்கிட்டு மூன்று மொழிகளிலும் வெளியிட வேண்டும். இரண்டாவது, தொகையை ரூபாவில் உறையவிடாது விலைவாசியோடு பிணைக்க வேண்டும். முழுமையாக இயலாவிட்டால் எவ்வளவு இயலும் என்பதைச் சொல்ல வேண்டும். மூன்றாவது, போரும் கடற்கோளும் பெருந்தொற்றும் தொழிலை நிறுத்தும் மாதங்களில் தவணை தவறியவரைத் தண்டிக்காத விதி வேண்டும். ஏனெனில் கட்ட முடியாத அந்த மாதங்களுக்காகவே அவர் காப்புத் தேடினார்.

இவற்றைச் செய்தால் வாக்கின் தொகை சிறியதாகத் தோன்றும். தேர்தல் மேடையில் கைதட்டல் குறையும். ஆனால் முற்பணத்தைக் கையில் வாங்கும்போதே அதற்கு என்ன விலை என்று அறிந்து வாங்கிய மக்களிடம் அரசு பேச வேண்டிய மொழி அதுதான். 1990இல் சேர்ந்திருக்கக்கூடிய அந்த முப்பது வயதுக் கடற்றொழிலாளிக்கு இப்போது அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. அவருக்குரிய காலம் 2040வரை இன்னும் எஞ்சியிருக்கிறது.